ஒரு சொட்டும் குடியாதவரின் தக்கைத்திருகிகள்

பழைய வெள்ளியைக் கண்டால் பசியை மறந்துவிடும் என் சின்னையாவுக்கு,

நீங்கள் போன பிறகு வீட்டில் நடந்ததை உங்களுக்கு யார் சொல்வார்கள்? அம்மா வெட்கப்படுவார். அப்பா கடிதம் எழுதுகிறவர் அல்லர். ஆகவே நான் எழுதுகிறேன். உங்களை அறியாதவர்களும் இதை வாசிக்கப் போவதால், உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்லுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் தம்பியாகிய நீங்கள், கலியாணம் கட்டாமல், எங்கள் வெள்ளவத்தை வீட்டின் முன்னறையில் இருந்தீர்கள். பகலில் கோட்டையில் ஒரு கப்பல் கந்தோரில் கிளாக்கர் வேலை. சனிக்கிழமை பின்னேரங்களில் ஏலம். யுத்தம் முடிந்த கையோடு சீமைக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் தங்கள் சாமான்களைப் பங்களா முற்றத்தில் வைத்து ஏலம் விடும்போது, மற்றவர்கள் கட்டிலையும் பியானோவையும் சுற்றி நிற்பார்கள். நீங்கள் மதுச்சாமான் பெட்டியைத் தேடிப் போவீர்கள். போத்தலின் தக்கையைத் திருகி இழுக்கும் தக்கைத்திருகிகள், வெள்ளிக் கிண்ணங்கள், மூக்கு வளைந்த புனல்கள். எல்லாம் எவரெவரோ குடித்துக் களித்த வீடுகளின் பொருட்கள். நீங்களோ இஞ்சி போட்ட தேநீரைத் தவிர வேறெதையும் விரும்பிக் குடித்தறியாதவர்.

ஏன் சின்னையா அவற்றைச் சேர்த்தீர்கள்? ஒரு நாள் நான் கேட்டேன். எலும்புப் பிடியுள்ள ஒரு தக்கைத்திருகியை என் கையில் தந்தீர்கள். பிடியின் ஒரு நுனியில் சிறிய தூரிகை ஒன்று இருந்தது. "உது என்னத்துக்கு, சொல்லு பாப்பம்" என்றீர்கள். எனக்குத் தெரியவில்லை. நிலவறையில் பல வருஷம் கிடந்த போத்தலின் கழுத்தில் தூசி படிந்திருக்கும், தக்கையை எடுக்குமுன் அதைத் துடைக்கத்தான் என்று நீங்கள் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. முன்பின் தெரியாத எவருடைய கிண்ணத்திலோ ஒரு தூசி விழக்கூடாது என்று ஒருவன் யோசித்திருக்கிறான். நூறு வருஷம் கழித்து அந்த யோசனையை வெள்ளவத்தையில் ஒருவர் கண்டுபிடித்து மகிழ்ந்திருக்கிறார். இரண்டு பேரில் யாரை அதிகம் வியப்பது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

சாதிக்காய் துருவும் அந்தக் குட்டி வெள்ளிப் பெட்டியும் அப்படித்தான். எங்கள் கண்டிப் பக்கத்துச் சாதிக்காய் கப்பலேறிப் போய், சீமையில் ஒரு துரையின் மதுவில் மணத்து, அதைத் துருவிய பெட்டி மட்டும் கப்பலேறி இங்கே வந்தது என்று நீங்கள் கதை சொல்லும்போது, பள்ளிக்கூடத்துப் பூமிசாஸ்திரப் பாடம் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருப்பதாக நினைப்பேன்.

அம்மாவின் கட்டளைப்படி உங்கள் கண்ணாடி அலுமாரிக்கு உள்ளே ஒரு சீலைத் திரை தொங்கியது. வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது. ஆனால் கடற்கரைப் பாதையில் ரயில் போகும்போதெல்லாம் திரைக்குப் பின்னால் வெள்ளி கிணுகிணுக்கும். வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மா உடனே அரிசிக் கூப்பனைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார்.

உங்கள் எட்டுச் செலவன்றுதான் எல்லாம் வெளிவந்தது. இறந்தவருக்குப் பிடித்த பண்டங்களையெல்லாம் எட்டாம் நாள் படைப்பது நம் வழக்கம் அல்லவா? பருத்தித்துறையிலிருந்து வந்திருந்த பெரியப்பாவையும் பெரியம்மாவையும் உங்கள் அறையில்தான் தங்க வைத்திருந்தோம். பெரியம்மா முகம் துடைக்கத் துவாய் தேடி அலுமாரியைத் திறந்தார். மதுக் குடுவைகளின் கழுத்தில் மாட்டும் வெள்ளிப் பெயர்த்தகடு ஒன்று சங்கிலியோடு அவர் கையில் அகப்பட்டது.

"இது ஆற்றை பிள்ளையின்ரை பென்டன்? வடிவாயிருக்கு" என்று கேட்டார்.

பெரியப்பா அதை வாங்கி ஆங்கில எழுத்தைக் கூட்டி வாசித்தார். பிராந்தி என்றிருந்தது. அவர் சால்வையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அந்தத் தட்டுப்பாட்டில் எங்கே தேடிப் பிடித்தாரோ, மத்தியானம் ஒரு பிராந்திப் போத்தலோடு வந்து, படையலில் வடைக்கும் பாற்சோற்றுக்கும் நடுவில் வைத்தார். அம்மா பதறிப்போனார்.

"அத்தான், அவர் ஒரு சொட்டும் குடியாதவர். ஊர்ச்சனம் என்ன நினைக்கும்?"

"பிள்ளை, செத்தவனுக்கு ஒளிக்கக்கூடாது. தன்ரை விருப்பத்தை அவனே சங்கிலி போட்டு எழுதி வைச்சிருக்கிறான். ஆசை தீராமல் போகவிடுறதே?"

அவர் கேலி செய்யவில்லை, சின்னையா. உங்கள்மேல் உள்ள பாசத்தில் கண் கலங்கித்தான் சொன்னார். அதனால்தான் எவரும் போத்தலை அங்கிருந்து எடுக்கவில்லை. வந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்பாவின் முகம் இறுகிவிட்டது. "இந்த அலுமாரியாலைதான் அவனுக்கு இந்தப் பேர். நாளைக்கே கொட்டாஞ்சேனைப் பத்தரைக் கூப்பிட்டு எல்லாத்தையும் உருக்கக் குடுக்கிறன்" என்றார்.

பத்தர் உருக்கினால் புனலும் துருவியும் ஒரே கட்டியாகிவிடும். உங்கள் பெயரும் குடிகாரர் என்றே நின்றுவிடும். நான் நூலகத்தில் படித்ததையெல்லாம் சொல்லி, அவை எவ்வளவு பழையவை என்று விளக்கத் தொடங்கினேன். "பிரசங்கம் பிறகு" என்றார் அப்பா.

மூடிய பண்டத்தைப் படைக்கக் கூடாதாம். பெரியப்பா பேனாக்கத்தியால் தக்கையைக் கிண்டிப் பார்த்தார். அது உதிர்ந்ததே தவிர வரவில்லை. "எடி பிள்ளை, சின்னையன்ரை திருகியிலை ஒண்டு கொண்டா" என்றார். கொண்டுவந்து கொடுத்தால் நானே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னது போலாகாதா? ஆனாலும் பெரியவர் கேட்டால் மறுக்க முடியுமா? தூரிகை வைத்ததையே எடுத்து வந்தேன். நீங்கள் சுற்றி வைத்தபடியே, பழைய வேட்டித் துண்டோடு.

பெரியப்பா துணியை அவிழ்த்தார். அதற்குள் இன்னொரு துணி. அதையும் அவிழ்த்ததும் அவர் விரலெல்லாம் எண்ணெய். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். திருகின் ஒவ்வொரு சுற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திண்ணமாகச் சொன்னார்:

"இதிலை தேங்காயெண்ணெய் மணக்குது. குடிக்கிறவன் திருகிக்கு எண்ணெய் பூசி, ரண்டு சீலை சுத்தி, குழந்தைப்பிள்ளை மாதிரிப் படுக்க வைப்பானே? அவன் தக்கையைப் போத்தலுக்குள்ளை தள்ளிப்போட்டுக் குடிப்பான். எனக்குத் தெரியாதே?"

"ஓமோம், உங்களுக்குத் தெரியாட்டில் வேறை ஆருக்குத் தெரியும்" என்றார் பெரியம்மா.

சாவீட்டில் முதல் தடவையாக எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். பிறகு உங்கள் படத்தைப் பார்த்து, "தம்பி, பிழையாய் நினைச்சுப்போட்டன்" என்று சொல்லிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். அதற்குப் பிறகு போத்தலுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பெரியம்மாதான் சொல்ல வேண்டும்.

அம்மா குசினிக்குள் போய் இஞ்சி தட்டினார். அலுமாரியில் இருந்த கைப்பிடியுள்ள வெள்ளிக் கிண்ணத்தை, இத்தனை வருஷமாகத் தொடாத அந்தக் கிண்ணத்தை, தாமே எடுத்துத் தேநீர் ஊற்றினார். வெள்ளி சுட்டதால் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு வந்து படைத்தார். உங்களுக்கு அது கிடைத்ததா, சின்னையா? சீனி போதுமாக இருந்ததா?

மறுநாள் பத்தர் வரவில்லை. அப்பா ஆளனுப்பவில்லை. சில நாள் கழித்து அலுமாரிக்கு முன்னால் நின்று, "இந்தப் புனலுக்கு ஏன் மூக்கு வளைஞ்சிருக்கு?" என்று என்னைக் கேட்டார். மது நடுவில் விழுந்து நுரைக்காமல் குடுவையின் ஓரமாக வழிந்து இறங்குவதற்கு என்றேன். "கெட்டிக்காரங்கள்தான்" என்றார். உங்களையும் சேர்த்துச் சொன்னாரா, செய்தவர்களை மட்டும் சொன்னாரா?

போன சனிக்கிழமை அவர் பிந்தி வந்தார். பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒன்றை என் புத்தகத்தின் மேல் வைத்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "புறக்கோட்டைக் கடையொண்டிலை கண்டனான். நல்ல பழசாம். சின்னையன் கண்டிருந்தால் விட்டிருக்கமாட்டான்" என்றார். மது அளந்து ஊற்றும் சிறிய கிண்ணம். அடியில் பூச்சு தேய்ந்து செம்பு தெரிகிறது. பழசும் இல்லை, வெள்ளியும் இல்லை. நீங்கள் கண்டிருந்தால் திரும்பியும் பார்த்திருக்கமாட்டீர்கள். "நல்ல சாமான் அப்பா" என்றேன்.

இதை வாசிக்கிறவர்கள் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டாம். உங்களுக்கு நான் தரும் வாக்கு இதுதான், சின்னையா: அந்தக் கிண்ணத்தை உங்கள் சேகரிப்பின் முதல் தட்டில், நடுவில் வைத்திருக்கிறேன். நான் இருக்கும்வரை அது அங்கேதான் இருக்கும்.

உங்கள் பெறாமகள்,
கமலாம்பிகை
வெள்ளவத்தை