கண்ணில் படுகிற இடம்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே நிற்பதால் எதையும் சொல்ல முடிவதில்லை. அதனால் இந்தக் கடிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

அம்மாவுக்கு அரிப்பு நிற்கவில்லை. "இப்ப பரவாயில்லைங்க" என்று உங்களிடம் சொன்னாளே, அன்றைக்கும் முழங்கை மடிப்பில் ரத்தம் கசிந்திருந்தது. இது ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை, ஆனால் அடியோடு போகவும் போகாது, தினமும் உடம்பு முழுக்கக் களிம்பு பூச வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பள்ளி நூலகத்துப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. அப்படிப் பூசினால் ஒரு டியூப் ஒரு வாரம்தான் வரும். அம்மா அதை ஒரு மாதம் வரவைக்கிறாள்.

எப்படி என்று கவனித்துவிட்டேன். கையிலும் கழுத்திலும் மட்டும் பூசுகிறாள். அவள் வேலை பார்க்கிற பேக்கரியில் கவுண்டருக்கு வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடம் அவ்வளவுதான். மற்ற இடங்களுக்கு ஈரத்துணி.

போன வாரம் ஒருவர் அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, "சில்லறையை மேசை மேல வச்சிடும்மா" என்றாராம். கை மோசமானால் முதலாளி உள்ளே தட்டு கழுவ அனுப்பிவிடுவார். அங்கே சம்பளமும் குறைவு, சோப்புத் தண்ணீரும் ஆகாது.

"அப்பாகிட்ட பணம் கேளேன்மா" என்றேன். "கேட்டா அனுப்பிடுவாரு. அப்புறம் ஜூன்ல எதை வச்சு வருவாரு? அவரு வரட்டும், நான் களிம்புலயே குளிக்கிறேன்" என்று சிரித்தாள்.

நான் எழுதியது அவளுக்குத் தெரியாது.

உங்கள் அன்பு மகள்,
சிட்டு


மார்ச் 27

என் சிட்டுக்கு,

உன் கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. என் கடிதத்தில் இருப்பதை எண்ணாதே.

படித்த அன்று சாப்பாட்டு நேரம்வரை முகமூடியைக் கழற்றாமலே வேலை பார்த்தேன். வெல்டர் வேலையில் அது ஒரு வசதி.

ஜூனில் நான் வரவில்லை சிட்டு. இங்கே ஆள் தேவைப்படுகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். டிக்கெட்டுக்கு வைத்திருந்த பணம் அம்மா கணக்கில் வந்து சேரும். உடம்பு முழுக்கப் பூசச் சொல். என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள்ளட்டும், உன்னை ஒன்றும் சொல்ல வேண்டாம். நீ எழுதியது சரிதான்.

நன்றாகப் படி.

உன் அப்பா


ஏப்ரல் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கையெழுத்து" என்ற இடம் வந்ததும் எழுந்து போய், ஏற்கெனவே அணைத்திருந்த அடுப்பைத் திரும்பவும் அணைத்தாள். அப்புறம் என்னிடம் பேசவில்லை. சாப்பாடு போட்டாள், தலை வாரிவிட்டாள், ஆனால் பேசவில்லை. பின்னல் மட்டும் இறுக்கமாக இருந்தது.

பணம் வந்தது. டியூப்கள் வாங்கி வைத்திருக்கிறோம். இப்போது காலிலும் பூசுகிறாள், புண் ஆறிவருகிறது. ராத்திரியில் சொறிகிற சத்தம் குறைந்திருக்கிறது. இதைக் கேட்டு நீங்கள் சந்தோஷப்பட வேண்டும்.

முதுகுதான் அவளுக்கு எட்டாது. நான் பூசிவிடுகிறேன் என்று தினமும் கேட்டேன். நேற்றுத்தான் வாயைத் திறந்தாள். "முதுகுக்கு என்னடி அவசரம்? பாக்குற ஆளு ரெண்டு வருஷம் கழிச்சுல்ல வர்றாரு."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீ நல்லதுக்குத்தான் எழுதுன" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இனி உங்களுக்கு எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று எனக்குத் தெரியவில்லை அப்பா.

இன்றைக்கு ஒருவழியாகச் சம்மதித்திருக்கிறாள். ஒரே ஒரு நிபந்தனை. நான் பார்க்கக் கூடாதாம், கையால் தடவியே பூச வேண்டுமாம். "பாத்தா அதையும் எழுதிடுவ" என்கிறாள். கூப்பிடுகிறாள், டியூபின் மூடியைத் திறந்து வைத்துவிட்டேன். உள்ளே விளக்கை அணைத்துவிட்டாள். இங்கேயும் அணைக்கச் சொல்கிறாள். அணைக்கிறேன்.

சிட்டு