மதினி சொன்ன இரண்டாம் பாதி

இடைவேளையில் எங்களை எழுந்து போகவே விடாத என் மாரீஸ்வரி மதினிக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஐந்து வருஷமாகிவிட்டது. இதைக் கோபத்தில் எழுதுகிறேன். பாதிக் கோபம் சினிமாக்காரர்கள் மேல், மீதிப் பாதி என் மேல். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் படம் பார்க்கப் போனோம். இராஜபாளையத்தில் பஸ் ஏறும்போதே அண்ணன் கேட்டார், இது எந்தப் படத்தின் ரீமேக் என்று. படத்தின் பெயரைக் கேட்கவில்லை, அதைத்தான் கேட்டார். தெலுங்கில் வந்து, இந்திக்குப் போய், இப்போது நம்மிடம் வந்திருக்கிறது என்றேன்.

தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரர் அதை டப்பிங்கில் மூன்று தடவை பார்த்தவராம். நாயகன் வாயைத் திறக்குமுன் இவர் வசனத்தைச் சொல்லி முடித்துவிட்டார். இடைவேளையில் விளக்குப் போட்டதும் எல்லாத் தலையும் போனுக்குள் குனிந்தது. இனி என்ன ஆகும் என்று ஓர் ஆள்கூடக் கேட்கவில்லை. எல்லாருக்கும்தான் தெரியுமே, எப்படிக் கேட்பார்கள்?

நமக்கு இடைவேளைதான் படம், இல்லையா மதினி? நான் மதுரையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன், சனிக்கிழமையானால் ஊருக்கு வந்துவிடுவேன். வாரமெல்லாம் பேண்டேஜ் துணி மில்லில் தறியோடு நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் நீங்கள்தான் தியேட்டருக்கு இழுத்துப் போவீர்கள். அண்ணன் முறுக்கு வாங்க எழுந்தால் சட்டையைப் பிடித்து உட்கார வைப்பீர்கள். "கொழுந்தனாரே, இனி என்ன ஆகும், சொல்லுங்க பாப்போம்" என்பீர்கள். நான் ஒன்று சொல்வேன், அண்ணன் ஒன்று உளறுவார். பிறகு நீங்கள் ஆரம்பிப்பீர்கள். உங்கள் இரண்டாம் பாதியைக் கேட்ட பிறகு, திரையில் வருகிற இரண்டாம் பாதி முக்கால்வாசி நாள் சப்பென்றுதான் இருக்கும்.

அப்படி ஒருநாள். நாயகன் தலையில் பெரிய கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடக்க, விளக்குப் போட்டார்கள். நீங்கள் நாயகனை அம்போவென்று விட்டுவிட்டீர்கள். அந்தக் கட்டு உங்கள் மில் துணியாகத்தான் இருக்கும் என்று தொடங்கி, அதை நெய்த பெண்ணின் கதையைச் சொன்னீர்கள். அவளுடைய தறியில் ஒரு சின்னக் கம்பி ஒடிந்து, நெய்த துணிக்குள் காணாமல் போகிறது. சூப்பர்வைசருக்குப் பயந்து வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போய்விடுகிறாள். அடுத்த வாரம் புருஷனுக்கு அடிபட்டு ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது, நர்ஸ் கையிலிருக்கும் துணியை வாங்கி விரலால் தடவிப் பார்க்கிறாள், கம்பி இல்லை. அந்தக் கம்பி யார் புண்ணில் போய் உட்கார்ந்திருக்கிறதோ?

பஸ்ஸில் வரும்போது மீதியைச் சொன்னீர்கள். அந்த ஒரு கட்டுத் துணியைத் தேடி ஊர் ஊராக ஆஸ்பத்திரி ஏறி இறங்குகிறாள். கடைசியில் ஒரு பிள்ளையின் காலில் அதைச் சுற்றப் போகும் நேரத்தில் போய்ப் பிடிக்கிறாள். கம்பியை எடுத்துவிட்டுப் பேசாமல் திரும்பியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் எல்லார் முன்னாலும், "இது என் தறித் துணி" என்கிறாள். வேலை போகும் என்று தெரிந்தே சொல்கிறாள். பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பி, இது எந்தத் தியேட்டரில் ஓடுகிறது என்று உங்களிடம் கேட்டார், ஞாபகமிருக்கிறதா?

சினிமாவுக்கு வசனம் எழுதுகிறேன் என்று நான் சென்னையில் அலைவது உங்களுக்குத் தெரியும். நான் என்ன எழுதுகிறேன் என்று தெரிந்தால் காறித் துப்புவீர்கள். இதுவரை நான்கு படம், நான்கும் ரீமேக். ஒன்றில் நாயகன் படகோட்டி. இங்கே ஆறில்லை என்று அவனை ஷேர் ஆட்டோக்காரன் ஆக்கினார்கள். ஆனால் அவன் மூழ்குகிற காட்சிதான் ஒரிஜினலில் பெரிய ஹிட்டாம், அதைக் கைவிட முடியாதாம். சித்திரை மாதம், கண்மாயில் ஆடு மேய்கிறது. லாரி லாரியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி ஆட்டோவை முக்கினோம். ஆற்றைப் பார்த்துக் கதாநாயகி அழுகிற இடத்துக்கு நான் என்ன வசனம் எழுதட்டும்?

பொறுக்க முடியாமல்தான் உங்கள் கதையைக் கையில் எடுத்தேன். முதல் தயாரிப்பாளர் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எந்த மொழிப் படம் என்றார். எங்கள் வீட்டுக் கதை, இதுவரை யாரும் எடுக்கவில்லை என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. அப்படியானால் ஓடும் என்று எதை வைத்து நம்புவது என்று கேட்டார். கன்னத்தில் ஈரம்கூடக் காயவில்லை, மதினி. தன் கண்ணீரையே அந்த மனுஷன் நம்பவில்லை.

இரண்டாவது ஆபீஸில்தான் அந்தக் கிறுக்குத்தனத்தைச் செய்தேன். எந்தப் படம் என்று கேட்டதும், ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டுப் படம், அங்கே ஓடோ ஓடென்று ஓடியது என்று சொல்லிவிட்டேன். தயாரிப்பாளர் எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். பக்கத்தில் இருந்த மேனேஜர் சொன்னதைக் கேளுங்கள்: "நான் பாத்திருக்கேன் சார். ஒரிஜினல் இன்னும் நல்லாருக்கும்."

நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். எனக்கும் அப்போது சிரிப்புதான் வந்தது. பிறகு, கதை என்ற இடத்தில் போடுவதற்கு அந்த வெளிநாட்டுக்காரரின் பெயரைக் கேட்டார்கள். வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும் பஸ்ஸில், நல்ல சேதி மாதிரி இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். எப்படியோ உங்கள் கதை படமாகப் போகிறதே என்று சந்தோஷப்படுவார் என நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இராஜபாளையத்தில் இறங்கியதும் கேட்டார்.

"ஏலே, அந்தக் கதையில கடைசில அவ என்ன சொல்லுதா?"

"இது என் தறித் துணின்னு சொல்லுதா."

"சொல்லாட்டி யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாது."

"அம்புட்டு பேரு முன்னால அவ சொல்லுதா. நீ என்னலே சொல்லிட்டு வந்திருக்க?"

ரீமேக்காரர்களை நாலு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவர்களாவது யாரிடமிருந்து எடுத்தோம் என்று ஒரு பெயரைப் போடுகிறார்கள். நான் உங்கள் பெயரை அழித்துவிட்டு, இல்லாத ஓர் ஆளைக் கொண்டுவந்து வைத்துவிட்டேன். வீட்டுக்குள் போய் உங்கள் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலையில் அந்தத் தயாரிப்பாளருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். சொந்தக் கதையா என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். போன வாரம் நீங்கள் எழுந்து வந்து கட்டிப்பிடித்த அதே கதைதான் சார் என்றேன். அது வேறு, இது வேறு என்றார். என்ன வேறு என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கையில் வேறொரு ரீமேக் இருக்கிறது, வசனம் எழுதித் தருகிறாயா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். இப்போது எனக்கு வேலை இல்லை. மேனேஜர் மட்டும் அந்த ஐரோப்பியப் படத்தைப் பார்த்ததாக இன்னும் சாதிக்கிறாராம்.

மதினி, அந்தப் பெயரை என் வாயால் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடுங்கள். உங்கள் கதையை முதல் காட்சியிலிருந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். படமாகுமா, தெரியாது. ஆனால் இனி எந்த ஆபீஸில் எந்தப் படம் என்று கேட்டாலும், கூமாப்பட்டியில் பிறந்து இராஜபாளையத்தில் தறி ஓட்டிய மாரீஸ்வரி இடைவேளையில் சொன்ன கதை என்றுதான் சொல்வேன். எழுந்து போகச் சொன்னால் எழுந்து வந்துவிடுவேன். இது சத்தியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் அந்தக் கதையைச் சொன்ன அன்றைக்குத் திரையில் ஓடியது என்ன படம் என்று நேற்று அண்ணனிடம் கேட்டேன். அவருக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை.

உங்கள் பெயரை மறைத்து, அதைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கும்
உங்கள் கொழுந்தன்,
காளிராஜ்