வாஸ்கோடகாமாவுக்கு எட்டு வரி

2004 மார்ச் 2

சிவகாசி அச்சகத்தில் இன்றைக்கும் அதே கதை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெட்டி ஒட்டுகிற படச் சார்ட், இந்தத் தடவை ‘கடலோடிகள்’. முன்பக்கம் படம், பின்பக்கம் ஆளுக்கு எட்டு வரி, எழுதுவது நான். “வாஸ்கோடகாமா இந்தியாவைக் கண்டுபிடித்தார்னு போடுங்க டீச்சர், அப்பத்தான் மார்க்கு விழும்” என்கிறார் முதலாளி பெத்தணன் அண்ணாச்சி. கண்டுபிடிக்க நாம் என்ன காணாமலா போயிருந்தோம்? போர்ச்சுகல் ராஜாவுக்கு மிளகு வேண்டும். ஆப்பிரிக்கக் கரையில் ஒரு வழிகாட்டியை ஏற்றிக்கொண்டு, அவர் காட்டிய வழியில் கள்ளிக்கோட்டைக்கு வந்து சேர்ந்த மனுஷன். ‘கடல்வழி கண்டார்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஒரே சந்தோஷம் — சார்ட்டின் அடியில் ‘தொகுப்பு: சித்திகா’ என்று போடுகிறாராம். நாலு வருஷமாக எழுதுகிறேன், ஒரு தடவைகூடப் பெயர் வந்ததில்லை.

மார்ச் 5

ஓவியர் ராக்கப்பன் வாஸ்கோடகாமா கப்பலுக்குப் புகைக்கூண்டு வைத்திருக்கிறார். 1498-இல்! கேட்டால், “புகை இல்லாட்டி கப்பல்னு பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?” தலையில் அடித்துக்கொண்டேன். பாய்மரத்துக்கு ஒப்புக்கொண்டார். கன்னத்துச் சிவப்பை மட்டும் குறைக்க மாட்டாராம். காலண்டர் சாமிக்குக் கலக்கின வர்ணம் மிச்சம் கிடக்கிறதாம்.

மார்ச் 9

என் வீட்டுக்காரர் தவுபிக் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். காரியாபட்டியிலிருந்து நாத்தனார் போன்: “மதினி, உங்க பேரு அச்சுல வருதாமே?”

மார்ச் 12

ஒரே எரிச்சல். நான் எழுதிய ஏழாவது வரி இது: ‘1502-இல் மீண்டும் வந்தபோது, மக்காவிலிருந்து திரும்பிய ஹாஜிகளின் கப்பலை, பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருக்க, எரித்தார்.’ போர்ச்சுகீசியரே எழுதி வைத்தது. அண்ணாச்சி அதன்மேல் விரலை வைத்து, “இது உங்க ஆளுகளுக்காகப் போட்டதுதான?” என்றார். கோபம்கூட இல்லை, டீயை உறிஞ்சிக்கொண்டே.

எங்க ஆளுகளா? போன வருஷம் கஜினி முகமது சோமநாதபுரத்தைக் கொள்ளையடிச்சான்னு எழுதுனேனே, அப்ப நான் யாரு ஆளு? கேட்டேன். “அது சரித்திரம்ல” என்கிறார். அட அல்லாவே, அப்ப இது என்னவாம்?

மார்ச் 13

அண்ணாச்சியின் தீர்ப்பு: “ஒண்ணு அந்த வரி இருக்கட்டும், இல்ல உங்க பேரு இருக்கட்டும். ரெண்டும் சேந்து இருந்தா ஒருதலைன்னு வாத்தியார்மாரு வாங்க மாட்டாக.”

வீட்டுக்கு வந்தால் இவர்: “வரிய எடுத்துரு சித்திகா. ரெண்டு ரூவா சார்ட்டுக்கு எதுக்கு வம்பு? ஊரெல்லாம் சொல்லிட்டேன்.” ஊரெல்லாம் சொல்லச் சொன்னது யார்?

மார்ச் 14

வரியே இருக்கட்டும் என்று போனில் சொன்னேன். வைத்துவிட்டு அழுதேன்.

ஜூன் 10

சார்ட் கடைக்கு வந்துவிட்டது. வரி இருக்கிறது. அடியில், ‘தொகுப்பு: பெத்தணன்’. சிரிக்கவா, போய்ச் சட்டையைப் பிடிக்கவா?

ஜூன் 24

அண்ணாச்சி போன். மல்லாங்கிணறு ஹெட்மாஸ்டர் பாராட்டினாராம். “கப்பல் எரிச்சத நடுநிலையா எழுதியிருக்கீகன்னு சொன்னாக டீச்சர்.” கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் என்னிடமே சொல்கிறார். என் எழுத்து, ஒரு புள்ளி மாறவில்லை. பெத்தணன் என்று போட்டால் நடுநிலை, சித்திகா என்று போட்டால் ஒருதலை. “யாரு எழுதுனதுன்னு அவுககிட்ட சொன்னீகளா?” என்றேன். இருமினார். அடுத்து கோவாவைப் பிடித்த அல்புகர்க் வேண்டுமாம்.

ஜூலை 1

அல்புகர்க்கை எழுதி அனுப்பினேன். 1510, கோவா, அங்கே வெட்டிக் கொல்லப்பட்ட முஸ்லிம்கள் — ஒன்றையும் விடவில்லை. அடியில் என் பெயர். வரி, பெயர் இரண்டில் எதை எடுத்தாலும் மல்லாங்கிணறு ஹெட்மாஸ்டருக்கு நானே போன் பண்ணிப் பேசுவேன், இனிமேல் எழுதவும் மாட்டேன் என்று அண்ணாச்சிக்குக் கூடவே எழுதிவிட்டேன். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஜூலை 3

பதில் இல்லை. போகட்டும். வேறு அச்சகமா இல்லை?

ஜூலை 6

மதியம் அச்சகத்தில் டைப் அடிக்கிற பாண்டிமீனா போன் பண்ணினாள். “அக்கா, உங்க பேருக்கு முன்னால இனிஷியல் என்ன? அண்ணாச்சி கேக்கச் சொன்னாக.”