வாரம் ஒரு பாக்கெட்

மார்ச் 3, செவ்வாய்
இன்று நான்கு தராசு பழுது பார்த்தேன். ஒன்று கிலோவுக்கு எட்டு கிராம் பொய் சொன்னது. திருத்திவிட்டேன். கடைத்தெருவில் என் அளவுக்கு மறுபேச்சு கிடையாது.

என் மகள் வாலுவுக்கு வைட்டமின் டி குறைவாம். ஒன்பது வயது, சர்க்கரை நோயோடு இரண்டு வருடம், இப்போது இது வேறு. டாக்டரம்மா பொடி எழுதித் தந்தார்: வாரம் ஒரு பாக்கெட், பாலில். எலும்புக்குத்தான், சர்க்கரை இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்றார். அப்படியென்றால் யாருக்கோ இறங்கியிருக்கிறதோ?

மார்ச் 10
வாலுவின் இன்சுலின் தேவை இரண்டு யூனிட் குறைந்திருக்கிறது. ஒரே ஒரு பாக்கெட்டில்! யாரிடமும் சொல்லவில்லை. கண் பட்டுவிடும்.

மார்ச் 12
மனைவி ஆறு மணிக்கே நூல் மில்லுக்குப் போய்விடுவாள். காலை ஊசியும் பாலும் என் பொறுப்பு. நேற்றுதான் இந்த வாரப் பாக்கெட். இன்றும் ஒன்று கலந்தேன். சத்துதானே. சத்து யாரைக் கெடுத்தது?

மார்ச் 27
தினமும் ஒன்று. மருந்துக்கடைக்காரர் பழகியவர், சீட்டுக் கேட்பதில்லை.

ஏப்ரல் 4
வாலு தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கிறாள். வகுப்பிலிருந்து ஐந்து முறை பாத்ரூம் போனாளாம். இரண்டு வருடம் முன்பு நோய் இப்படித்தான் ஆரம்பித்தது. ஆனால் சர்க்கரை மீட்டரில் 128.

ஏப்ரல் 5
மீட்டர்தான் பொய் சொல்கிறது என்று புது டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டேன். 131. மனைவி மில் மேஸ்திரி வீட்டு மீட்டரை வாங்கி வந்தாள். 126. கருவி சரி. அப்போ எது தப்பு? புள்ள சாப்பாடு வேணாங்கிறா, வாந்தி வருதுங்கிறா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. தெம்பாக இருக்கட்டும் என்று இன்றும் பொடி கொடுத்தேன்.

ஏப்ரல் 6
ஆஸ்பத்திரி. ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாம். பொடியை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

மனைவி முந்திக்கொண்டாள். "வாரம் ஒண்ணுதாங்க. இவரு அளவுல ரொம்பக் கறாரு."

நான் தலையாட்டினேன். பாவி, தலையாட்டினேன்.

வாசல்வரை இறங்கிப் போனேன். திரும்ப ஏறி வந்து, "தினமும் குடுத்தேன். மொத்தம் இருபத்தேழு பாக்கெட்" என்றேன். டாக்டரம்மா திட்டவில்லை, நர்ஸிடம் வேகமாக ஏதோ சொன்னார். அளவுக்கு மிஞ்சினால் என்று யாராவது ஆரம்பித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

ஏப்ரல் 9
பொடி மிஞ்சினால் கால்சியம் ஏறுமாம், தாகமும் வாந்தியும் அதனால்தானாம். சலைன் ஏறுகிறது. கால்சியம் இறங்குகிறது, ஆமை வேகத்தில்.

ஏப்ரல் 17
வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்த இரண்டு யூனிட் ஏன் குறைந்தது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அந்த வாரம் என்ன செய்தாள் என்று திருப்பிக் கேட்டார். பள்ளியில் ஓட்டப்பந்தயப் பயிற்சி. ஓடினால் குறையும் என்றார். அவ்வளவுதான். என் பிள்ளை ஓடியிருக்கிறாள், நான் பொடிக்கு மாலை போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 20
ஊசியில் மருந்து ஏற்றியதும் வாலு, "காட்டுப்பா" என்கிறாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கோடுகளை எண்ணிய பிறகே கையை நீட்டுகிறாள். ஊரே என் தராசை நம்புகிறது.

மே 2
இன்றும் எண்ணினாள்.

ஜூலை 8
ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி. மனைவி இப்போது பேசுகிறாள், தேவைக்கு.

காலையில் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. ஒரு காலில் ஷூ, வாயில் ரிப்பன், வாலு பார்க்காமலே கையை நீட்டினாள்.

"எண்ணிட்டு நீட்டும்மா" என்றேன்.

"நீதானப்பா போடுற."

ஊசியை அவள் கையில் கொடுத்துவிட்டு, எண்ணி முடிக்கும்வரை நின்றேன்.