மஞ்சள் சட்டைக்காரி நிற்கும் கடைசிப் பெட்டி

சனி, 14 ஜூன்

மழை. விடிய முதலே அப்பாவோடு ரோவிலுக்கு, பழைய விளையாட்டு ரெயில் தேடி. திங்கள் சயன்ஸ் சோதனை, ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. சப்பாத்துக்குள் தண்ணீர்.

செத்தவரின் வீடு. வாசலில் பலகை: இறந்தவரின் வீட்டுச் சாமான் முழுவதும் விற்பனைக்கு. எங்களுக்கு முன்னால் குடைகளோடு ஒரு வரிசை. முன்னால் நின்ற கிழவர் இன்னொருவரிடம், "உன் மனைவி இன்னும் துரத்தவில்லையா?" மற்றவர், "என் ரெயில்களுக்கு நடுவில் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறாள்."

எல்லாரும் முன் அறையில் தொடங்குவார்கள். ரெயில் முன் அறையில் இருக்காது. கராஜ், அல்லது கட்டிலுக்குக் கீழே. அப்பா, "நீ பின்பக்கத்தாலை ஓடு பிள்ளை, நான் கோப்பையள் பாக்கிற மாதிரி நிக்கிறன்." பிள்ளை ஓடினால் யாரும் கோபிப்பதில்லை.

கராஜில் கிறிஸ்மஸ் மரத்துக்குப் பின்னால் வாழைப்பழப் பெட்டிகள். பச்சை எஞ்சின். தண்டவாளம். பெட்டிகள். கடைசியில் ரெயில் கார்ட் நிற்கும் சிவப்புப் பெட்டி, அதன் பின்வாசலில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் பொம்மை, என் நகமளவு, பசையால் ஒட்டியிருந்தது. ஒரு கை இல்லை.

விற்றவர் மகன். கையில் நங்கூரம் பச்சை குத்தியிருந்தார். தன் அப்பா போன மாதம் இறந்துவிட்டார், தனக்கு இதில் விருப்பமில்லை என்றார். என் அப்பா தொப்பியைக் கழற்றினார்.

காருக்குள் அப்பா: "செத்த வீட்டுச் சாமான் எண்டு அம்மாட்டைச் சொல்லிப் போடாதை. ஆள் சின்ன வீட்டுக்கு மாறுறார் எண்டு சொல்லுவம்."

அம்மா செத்த வீட்டிலிருந்து ஒரு கரண்டிகூட எடுக்க விடமாட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் பொய்யா?

ஞாயிறு, 15

குளிர். இங்கே ஜூன் குளிர்காலம், கராஜில் ஹீற்றர் இல்லை. அப்பா காது துடைக்கும் பஞ்சால் ரெயிலின் சில்லுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். வழக்கமாகத் திருத்தி இணையத்தில் விற்றுவிடுவார். இதை விற்கவில்லையாம். ஏன் என்று சொல்லவில்லை.

ரெயில் ஓடியது. அப்பா குந்தியிருந்து, கன்னத்தை மேசையில் வைத்து, வருவதைப் பார்த்தார். அப்பாவை அப்படி நான் பார்த்ததில்லை.

அம்மா தேத்தண்ணியோடு வந்து கதவடியிலேயே நின்றார். "வடிவாக் கிடக்கு. பாவம் அந்த மனிசன், இதை விட்டிட்டு என்னெண்டு இருக்கப்போறாரோ."

அப்பா நிமிராமல், "வீடு சின்னனாம்."

செவ்வாய், 17

நேற்றைய சோதனை படுமோசம். பக்கத்தில் இருக்கும் தோழி ஜெஸ் பேசவில்லை, காரணம் தெரியாது.

அப்பா இரவு வேலை. நானும் அம்மாவும் புட்டு. அம்மா வேலை செய்யும் முதியோர் இல்லத்துக் கதைகளை வெளியே சொல்லக் கூடாது. அதனால் பெயர் சொல்லாமல் பட்டப்பெயர் வைத்துச் சொல்வார். இன்றைக்குப் புது ஆள், ஸ்டேசன் மாஸ்டர். பிஸ்கற்றுகளை வரிசையாக அடுக்கித் தள்ளுவாராம்.

"கடைசிப் பெட்டியில மஞ்சள் சட்டை மனிசி நிக்கிறாவாம். ஒரு கை இல்லையாம். குளிருது, அவவை உள்ளுக்கு எடுங்கோ எண்டு ஒரே கரைச்சல். நான் எங்கை போய் எடுக்க?"

அம்மா சிரித்தார்.  ஸ்டேசன் மாஸ்டருக்கு மகன் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"ஒருக்கா வந்தவன். கையில நங்கூரம் குத்தின பெடியன். பெடியன் என்ன, தலை முழுக்க நரை. ஏன் கேக்கிறாய்?"

சும்மா என்றேன்.

பிறகு, அதே இரவு. போர்வைக்குள் ரோர்ச்சோடு.

அவர் செத்தார் என்று மகன் சொன்னது பொய். அவர் உயிரோடு இருக்கிறார் என்று அப்பா சொன்னதும் பொய்தான், ஆனால் அது உண்மை. பொய் சொன்ன அப்பாதான் சரியாகச் சொல்லியிருக்கிறார். இது எப்படி?

ஒருவரைக் கேட்காமல் அவர் சாமானை விற்றால் களவு. களவுச் சாமான் எங்கள் கராஜில். களவு என்றால் பொலிஸ். பொலிஸ் என்றால் விசா. அப்பா ஆளில்லாத ரோட்டில்கூடச் சிவப்பு லைற்றுக்கு நிற்பவர். அவரும் அம்மாவும் படகில் வந்தவர்கள், இன்னும் தற்காலிக விசாதான், நான் இங்கே பிறந்தும் எனக்கும் அதுதான்.

அம்மாவிடம் சொன்னால் அப்பாவின் பொய் தெரியும். அப்பாவிடம் சொன்னால் ரெயில் போய்விடும். வேறு யாரிடமாவது சொன்னால் அம்மாவின் வேலை போகும். 

வியாழன், 19

காற்று. தொப்பி பறந்துவிட்டது. பள்ளியால் வரும்போது காரில் அப்பாவிடம் கேட்டேன், பெயர் ஒன்றும் சொல்லாமல். உயிரோடு இருக்கிற ஒருவரைச் செத்தார் என்று சொந்த ஆட்களே சொல்வார்களா?

அப்பா பிரேக் பிடித்தார். சிவப்பு லைற். பிறகு, "சொல்லுவினம். என்னை அப்பிடித்தான் ஊரில சொல்லி வைச்சிருக்கு."

"ஆர்?"

"அப்பம்மா. என்னைப் பிடிக்கத் தேடி வந்தவைக்கு. படம் வைச்சு மாலையும் போட்டவ. பிறகு அவையள் வரேல்லை."

பச்சை விழுந்தது. பின்னால் ஹோர்ன்.

"ஏன் கேட்டனி?"

"பள்ளியில ஒரு கதை."

அப்பம்மா பொய் சொன்னது அப்பாவைக் காப்பாற்ற. அந்த மகன் எதற்குச் சொன்னார்? வீட்டை விற்கவா? அல்லது அவருக்கு அப்பா செத்த மாதிரிதானா? எனக்கு விளங்கவில்லை. எங்கோ ஒரு சுவரில் அப்பாவின் படத்துக்கு மாலை. இங்கே அவர் பேக்கரியில் பாண் வாங்க இறங்குகிறார்.

வெள்ளி, 20

செய்துவிட்டேன். காலை, அம்மா சீப்பால் தலை இழுக்கும்போது. சிவப்புப் பெட்டியை, சப்பாத்துக்குள் போடும் என் கால்மேசில் சுற்றி அம்மாவின் வேலைப் பையில், அடியில் வைத்தேன். ஏன் என்று தெரியாது. மஞ்சள் சட்டைக்காரியை உள்ளுக்கு எடுக்கவேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

பள்ளியில் ஒன்றும் கேட்கவில்லை. ரீச்சர் இரண்டு தரம் பெயர் கூப்பிட்டாராம்.

அம்மா பொழுதுபட வந்தார். பை வெறும் பை. என் கால்மேசைக் குசினி மேசையில் வைத்தார். கதிரையில் இருந்தார். அப்பா வேலைக்கு வெளிக்கிட்டு நின்றார். நான் அறைக் கதவுக்குப் பின்னால்.

"இஞ்சாருங்கோ. இல்லத்தில கதைச்சவை, ஒருத்தன் தகப்பன் செத்திட்டாரெண்டு வீட்டுச் சாமான் வித்தவனாம். அந்த மனிசன் செத்திட்டாரெண்டு நினைச்சு வாங்கினனீங்களோ, உயிரோடை இருக்கிறாரெண்டு நினைச்சு வாங்கினனீங்களோ?"

"எந்த மனிசன்?"

"ரெயில்கார மனிசன்."

"செத்திட்டாரெண்டுதான் சொன்னவங்கள்."

"அப்ப எனக்கேன் உயிரோடை எண்டு சொன்னனீங்கள்?"

அப்பா கதிரையை இழுத்து இருந்தார். 

"அவர் உயிரோடைதான் இருக்கிறார். நான்தான் அவருக்கு மருந்துக் குளிசை குடுக்கிறனான். இண்டைக்கு அந்தப் பெட்டியைக் கையில வைச்சுக்கொண்டு சாப்பிட்டவர். மற்றது எங்கை எண்டு கேட்டவர். வரும் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

என்னைக் கூப்பிடுவார்கள் என்று நின்றேன். கூப்பிடவில்லை.

அப்பா வேலைக்குப் போன் செய்து உடம்புக்கு வருத்தம் என்றார். கராஜுக்குப் போனார். ரெயில் ஒருதரம் சுற்றும் சத்தம். நின்றது. பிறகு பெட்டி ஒட்டும் ரேப் இழுக்கும் சத்தம், கிழிக்கும் சத்தம், திரும்ப இழுக்கும் சத்தம். அம்மா போய்க் கதவடியில் நின்றார்.

"நான் பஸ்ஸில இவ்வளவையும் கொண்டு போகேலாது. நாளைக்கு நீங்கள்தான் காரில கொண்டு வரவேணும்."

ரேப் சத்தம் நின்றது.

அப்பா, "இல்லத்து வாசலில, பாக்க வாறவை பேர் எழுத வேணுமெல்லே."

"ஓம்."

"அவருக்கு நான் ஆரெண்டு எழுத?"

அம்மா இன்னும் அங்கேயே நிற்கிறார்.