வாய்ப்புண்

19 ஜூலை 1998, ஞாயிறு, இரவு

தோள் இரண்டும் கழன்று விழும்போல் வலிக்கிறது. ஜெயிக்கிற குதிரையைத் தோற்க வைப்பதுதான் ஜாக்கிக்குக் கஷ்டமான வேலை. ஊரே அதன்மேல் பணம் கட்டியிருந்தது. கடைசித் திருப்பத்தில் சனியன் பறக்கப் பார்த்தது. டிரெய்னர் சொன்னபடி, கடிவாளத்தை இழுத்துப் பிடித்து நான்காவதாகக் கொண்டுவந்தேன்.

குதிரை ஏன் தோற்றது என்று ரேஸ் அதிகாரிகள் விசாரித்தார்கள். டிரெய்னர், லாயத்தில் குதிரையைக் கவனித்துக்கொள்ளும் குதிரைக்காரர் முனியப்பாவைக் கைகாட்டினார். "இவன் காலையிலே வயிறு முட்டத் தீனி போட்டுட்டான் சார்." என்னையும் கேட்டார்கள். "ஆமாம், குதிரை மந்தமாகத்தான் இருந்தது" என்றேன். முனியப்பாவுக்கு அங்கேயே வேலை போயிற்று.

சாயங்காலம் அல்சூரில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கொள்ளு ஒரு பிடி கூடப் போட்டுட்டேனோ என்னமோ சார். என்னால உங்க பேரு கெட்டுச்சு. குதிரைக்கு வாயோரம் கிழிஞ்சிருக்கு, மஞ்சா வெச்சிருக்கேன். கொஞ்ச நாளு இழுத்துப் பிடிக்காதீங்க."

சரி என்றேன். பிடிக்கப்போவதில்லை. அடுத்த ரேஸில் அதன்மேல் எவனும் பணம் கட்டமாட்டான்; கட்டுகிறவனுக்கு ஒன்றுக்குப் பத்தாகக் கிடைக்கும். அதனால் ஜெயிக்க விடச் சொல்லியிருக்கிறார் டிரெய்னர். புதுக் குதிரைக்காரன் கைராசிக்காரன் என்று லாயம் முழுக்கப் பேசுவார்கள்.