நாலாவது பொம்மை

அன்புள்ள நெட்டைக்கு,

போனை எடுக்காதவளுக்குக் கடிதம்தான் வழி. நாங்கள் மூவரும் நலம். உன் நலத்தை விசாரித்தால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று பொய் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை.

நம் ஞாயிற்றுக்கிழமைக்குப் புது வீடியோ கேம் பிடித்துவிட்டேன். தேர்ந்தெடுத்தது நான், ஆகவே சரியாகத்தான் இருக்கும். நம் பல் டாக்டருக்குத் துப்பாக்கிச் சண்டை வேண்டுமாம். வாரம் முழுக்க ஊரை ரத்தம் துப்ப வைக்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ரத்தமா என்று அடக்கினேன். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவளோ கார் பந்தயம் கேட்டாள். தெருவில் ஓட்டுவது போதாதா? விவசாயம் பார்க்கும் விளையாட்டு ஒன்றையும் போட்டுப் பார்த்தோம். தக்காளி பழுப்பதற்குள் மூவரும் சோபாவிலேயே தூங்கிவிட்டோம்.

கடைசியில் சிக்கியது இது. எலும்பே இல்லாத பொம்மைகள். கன்ட்ரோலரில் ஒரு பொத்தானுக்கு இடது கை, இன்னொன்றுக்கு வலது கை. பெட்டியைத் தள்ள வேண்டும், சுவர் ஏற வேண்டும், வழி கண்டுபிடித்துக் கதவுக்குப் போக வேண்டும். சொல்வது சுலபம்! பெட்டியைப் பிடிக்கப் போனால் பக்கத்துப் பொம்மையின் தலைதான் கையில் வருகிறது. பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் சொல்கிறேன், அதுகள் நடக்கிற நடைக்கு எத்தனை மாதம் பயிற்சி கொடுத்தாலும் தேறாது. நம் டிரைவரம்மா பெட்டியைத் தூக்குகிறேன் பேர்வழி என்று பல் டாக்டரைக் கூரையிலிருந்து தள்ளிவிட்டாள். "பேஷண்டையே தள்ளிவிடுற டிரைவர இப்பத்தான்டி பாக்கறேன்" என்று விழுந்தவள் கத்த, எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு பிடித்துக்கொண்டது. நீ போன பிறகு இந்த வீட்டில் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் எத்தனை பேர் என்று கேம் கேட்டது. யோசிக்காமல் நாலு என்று அழுத்திவிட்டேன், பழக்கதோஷம். பச்சைப் பொம்மை உன்னுடையது. உன் கன்ட்ரோலர் சோபாவில் உன் இடத்தில் சும்மா கிடக்க, அது துணிமூட்டை மாதிரி தரையில் கிடந்தது. நாலு பேரும் போனால்தான் கதவு திறக்கும் என்று நாங்களாகவே முடிவுகட்டி, அதை இழுத்துக்கொண்டே போனோம். ஒருத்தி கையைப் பிடிக்க, ஒருத்தி காலைப் பிடிக்க, சுவர் சுவராக ஏற்றினோம். ஒரு பாலத்தில் அது எங்கள் பிடி நழுவிக் கீழே விழுந்துவிட்டது. நாங்கள் மூவர் மட்டும் கதவருகே போய் நின்றோம். கதவு திறந்துகொண்டது! மூன்று பேர் போதுமாம்.

யாரும் உள்ளே போகவில்லை. அப்புறம் பல் டாக்டர்தான், "என்ன வேடிக்க பாத்துட்டு நிக்கறீங்க? போய்த் தூக்குங்கடி அவள" என்றாள். திரும்பிப் போனோம்.

விவாகரத்து முடிந்து ஊர் மாறிப் போனபோது நீ என்ன சொன்னாய்? "என்னையும் சுமந்துட்டு நீங்க ஏன்டி கஷ்டப்படணும், விட்டுடுங்க" என்றாய். கஷ்டமா இல்லையா என்பதைச் சுமக்கிறவர்கள் சொல்கிறோம், நீ சொல்லாதே. எனக்கு உன்மேல் கோபம். கோபத்தைவிட பயம் அதிகம். பேசாமலே இருந்து, அதுவே உனக்குப் பழகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

உன் கன்ட்ரோலரை இந்தக் கடிதத்தோடு பார்சலில் வைத்திருக்கிறேன். உன் லேப்டாப்பில் செருகிக்கொள், இன்டர்நெட் இருந்தால் அங்கிருந்தே ஆடலாம். கணக்கு டீச்சருக்கு இந்தப் புதிரெல்லாம் ஜுஜுபி. ஞாயிறு சாயங்காலம் ஆன் பண்ணு. பேச வேண்டாம். அழுகை வந்தால் அழு, மைக்கை மட்டும் அணைத்துவிடு. பச்சைப் பொம்மை ஒரு கையைத் தூக்கட்டும், நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்.

தூக்காவிட்டாலும் இழுத்துக்கொண்டுதான் போவோம். நல்லா இருடி.

விடாக்கண்டி,
குட்டை